தப்பான கடவுச்சொல்லையும் ஏற்ற சர்வர்

ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் கணினித் துறையில் சிஸ்டம் அட்மினாக வேலை பார்க்கிறேன். மாணவர்கள் சி, பைதான் நிரல்களை எழுதி ஓட்டிப் பார்ப்பதற்கென்று எங்களிடம் ஒரு உபுண்டு 22.04 (லினக்ஸில் ஒரு வகை) சர்வர் இருக்கிறது. லேபில் உள்ள 60 கணினிகளிலிருந்தும் எஸ்எஸ்ஹெச் (இன்னொரு கணினிக்குள் நெட்வொர்க் மூலம் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக அதற்குள்தான் வருவார்கள். அந்த சர்வரின் லாகின் அமைப்பில் ஒரே ஒரு வரியைச் சேர்க்கப் போய், முதலில் எல்லோரையும் வெளியே நிறுத்தினேன். அதைச் சரிசெய்கிறேன் என்று யாரையும் உள்ளே விட்டேன். இரண்டாவது தவறுதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் செய்வது. அதனால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

செமஸ்டர் பிராக்டிகல் தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை. சர்வரில் நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் லாகைப் புரட்டியபோது ஒரே மாணவரின் பெயருக்கு அடுத்தடுத்துத் தவறான கடவுச்சொற்களை யாரோ முயன்றிருப்பது தெரிந்தது. தவறாக அடித்தால் 4 விநாடி காத்திருக்க வைக்கலாம், ஊகித்துப் பார்ப்பவருக்கு அலுத்துவிடும் என்று நினைத்தேன். லினக்ஸில் அதற்கு பேம் ஃபெயில்டிலே என்ற சின்ன மாட்யூல் ஏற்கெனவே உண்டு.

பேம் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய யூனிக்ஸில் லாகின், எஸ்யூ (வேறொரு பயனராக மாறுவதற்கான கட்டளை) போன்ற ஒவ்வொரு நிரலும் தானே கடவுச்சொல்லைச் சரிபார்த்துக்கொள்ளும். சரிபார்க்கும் முறையை மாற்ற வேண்டுமென்றால் எல்லா நிரல்களையும் மாற்ற வேண்டும். அந்த வேலையைத் தனியாகப் பிரித்து, நிரல்கள் எல்லாம் ஒரே இடத்தில் கேட்டுக்கொள்ளட்டும் என்று 1995-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முன்வைத்த ஏற்பாடுதான் பேம். உபுண்டுவில் இடிசி அடைவுக்குள் இருக்கும் பேம்.டி அடைவில் காமன்-ஆத் என்று ஒரு கோப்பு உண்டு. எஸ்எஸ்ஹெச், சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை ஓட்டுவது), எஸ்யூ, நேரடி லாகின் எல்லாமே அந்த ஒரு கோப்பைத்தான் பார்க்கின்றன. வசதிதான். ஆனால் அங்கே கை வைத்தால் எல்லாக் கதவுகளின் பூட்டும் ஒரே நேரத்தில் மாறும்.

அந்தக் கோப்பில் முக்கியமானவை மூன்று வரிகள். முதல் வரி பேம் யூனிக்ஸ்: கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது. இரண்டாவது டினை: வருகிறவர் யாராக இருந்தாலும் மறுப்பது. மூன்றாவது பெர்மிட்: யாராக இருந்தாலும் ஏற்பது. முதல் வரியில் 'சக்சஸ்=1, டிஃபால்ட்=இக்னோர்' என்று எழுதியிருக்கும். கடவுச்சொல் சரியாக இருந்தால் அடுத்த ஒரு வரியைத் தாண்டிக் குதி, இல்லாவிட்டால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்று பொருள். சரியாக அடித்தவர் டினையைத் தாண்டி பெர்மிட்டில் போய் நிற்பார். தவறாக அடித்தவர் நேரே டினையில் மாட்டுவார்.

என் தாமத வரியை பேம் யூனிக்ஸுக்கும் டினைக்கும் நடுவில் செருகினேன். தவறியவர்களுக்கு மட்டும்தானே தாமதம், அவர்கள் போகும் வழியில் வைப்பதுதான் சரி என்று கணக்குப் போட்டேன். சக்சஸ்=1 என்ற எண்ணை மாற்ற வேண்டும் என்பது தோன்றவே இல்லை. சரியான கடவுச்சொல் கொடுத்தவர் இப்போது என் தாமத வரியைத் தாண்டி டினையில் விழுவார். தவறாக அடித்தவருக்கும் டினை, சரியாக அடித்தவருக்கும் டினை.

சோதித்துப் பார்க்காமல் கிளம்பினேனா என்றால், இல்லை. சூடோ போட்டு ஒரு கட்டளை கொடுத்தேன், வேலை செய்தது. புதிதாக ஒரு டெர்மினல் திறந்து எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்தேன், நுழைந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அந்த இரண்டு சோதனையும் சோதனையே அல்ல என்று மறுநாள்தான் புரிந்தது. உபுண்டுவில் ஒருமுறை கடவுச்சொல் கொடுத்தால் சூடோ 15 நிமிடம் திரும்பக் கேட்காது. நான் கோப்பைத் திறக்கும்போது கொடுத்ததையே அது நினைவில் வைத்திருந்தது. எஸ்எஸ்ஹெச்சில் நான் நுழைவது கடவுச்சொல்லால் அல்ல, அதற்குப் பதிலாக என் கணினியில் இருக்கும் விசைக் கோப்பை வைத்து. விசையால் நுழைகிறவர்கள் காமன்-ஆத் பக்கமே போவதில்லை. ஆக, நான் மாற்றிய பூட்டை நான் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை 9.30-க்குத் தேர்வு. முதல் பேட்ச் மாணவர்கள் உட்கார்ந்தார்கள், ஒருவராலும் லாகின் செய்ய முடியவில்லை. என் விசையால் உள்ளே போனேன், ஆனால் சூடோ என் கடவுச்சொல்லை மறுத்தது. சாதாரணப் பயனராக உள்ளே நின்றுகொண்டு எதையும் திருத்த முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் லேப் உதவியாளர் அண்ணனிடம் சர்வர் அறைச் சாவியை வாங்கி, மானிட்டரும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு போய், சர்வரை அணைத்துப் போட்டு, மறுபடி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ரெக்கவரி மோடுக்குள் போனேன். அங்கே கடவுச்சொல் கேட்காமலேயே ரூட், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு, கிடைத்தது. அதற்கு முன்புவரை அந்த அறைச் சாவி ஆபீஸ் சுவரில் ஆணியில்தான் தொங்கும்.

வெளியே 60 மாணவர்கள், இரண்டு தேர்வாளர்கள். என்னிடம் பழைய கோப்பின் நகல் இல்லை. மாற்றும் முன் ஒரு நகல் எடுத்துவைக்க மூன்று விநாடிகூட ஆகாது, நான் எடுத்திருக்கவில்லை. கோப்பைத் திறந்ததும் டினை என்ற சொல் கண்ணில் பட்டது. இதுதான் எல்லோரையும் தடுக்கிறது என்று, அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டுச் செயலிழக்க வைத்தேன். சர்வர் எழுந்தது. மாணவர்கள் எல்லோரும் உள்ளே போனார்கள். தேர்வு 50 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. எல்லோரும் 'பரவாயில்லை சார்' என்றார்கள்.

மதியம் இரண்டாவது பேட்ச் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள். "சார், நான் பாஸ்வேர்ட் தப்பா அடிச்சிட்டேன். ஆனா உள்ள போயிடுச்சு" என்றாள்.

அந்தப் பெண் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எத்தனை நாள் கழித்துத் தெரிந்திருக்கும் என்று தெரியாது. என் இடத்துக்குப் போய், விசையை விட்டுவிட்டு, என் பெயரைக் கொடுத்து 'ஏஏஏஏ' என்று தட்டினேன். திறந்தது. வேறொருவர் பெயரைக் கொடுத்து எதையோ தட்டினேன். அதுவும் திறந்தது. எஸ்யூ போட்டு ரூட்டுக்கு எதையோ தட்டினேன். ரூட் ஆகிவிட்டேன். டினை போன பிறகு தவறாக அடித்தவரை நிறுத்த அங்கே ஒன்றுமே இல்லை. பேம் யூனிக்ஸ் அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டது, தாமத வரி 4 விநாடி காக்க வைக்கச் சொன்னதோடு சரி, கடைசியில் பெர்மிட் யாராக இருந்தாலும் வா என்றது. சரியாக அடித்தவரும் அதே பெர்மிட்டுக்குத்தான் வந்தார். அதனால் காலையிலிருந்து எல்லாம் நன்றாக நடப்பதுபோல் இருந்தது.

கதவு திறக்காவிட்டால் ஐந்தே நிமிடத்தில் 60 பேர் வந்து சொல்கிறார்கள். கதவு பூட்டாவிட்டால் யாரும் வந்து சொல்வதில்லை. இந்த வேலையில் இருக்கும் நாம் எல்லோரும் முதல் பயத்துக்குத்தான் தயாராக இருக்கிறோம். வெளியே மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்றுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். இரண்டாவது பயத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். துறைத்தலைவர் மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "யாராவது அடுத்தவங்க பேர்ல உள்ள போயிருக்காங்களா?" அதற்குப் பதில் லாகில் இருந்தது. தவறான கடவுச்சொல்லை பேம் யூனிக்ஸ் பார்த்தால் 'ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்' என்று ஒரு வரி எழுதும். அதற்கு அடுத்தே எஸ்எஸ்ஹெச் 'அக்செப்டட் பாஸ்வேர்ட்' என்று எழுதியிருந்தால், தவறாக அடித்து உள்ளே போன ஆள் அவர். அப்படி ஒன்பது ஜோடிகள் கிடைத்தன. ஒன்பதும் அந்தந்த மாணவர் உட்கார்ந்திருந்த கணினியிலிருந்தே வந்தவை, அவசரத்தில் விரல் தவறியவை. ஆனால் ரூட் ஆக யாருக்கும் முடியும் என்ற நிலையில், அதே சர்வரில் இருக்கும் லாகை எப்படி நம்புவது? ரூட் ஆனவருக்கு அதை அழிக்கவும் முடியுமே. முந்தைய இரவு எடுத்த பேக்கப்பிலிருந்து அந்த வார இறுதியில் சர்வரை முழுவதும் புதிதாக நிறுவினேன். எல்லோருடைய கடவுச்சொல்லையும் மாற்றினேன். எழுதி முடித்தவர்களின் நிரல்களை அச்செடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்ததால் தேர்வுக்குப் பாதிப்பில்லை. மதிய பேட்ச் மட்டும் அதன் பிறகு எழுதினார்கள். அன்றிலிருந்து லாக் பதிவுகளின் நகல் உடனுக்குடன் வேறொரு கணினிக்குப் போகிறது.

இனி நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். காமன்-ஆத் கோப்பின் தலைப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது: இந்தக் கோப்பை பேம்-ஆத்-அப்டேட் என்ற கருவி நிர்வகிக்கிறது, உங்கள் வரிகளை இந்தத் தொகுதிக்கு முன்போ பின்போ வையுங்கள் என்று. அன்று அது திரையில் என் கண் முன்னாலேயே இருந்தது. அந்தக் கருவியின் வழியாக மாட்யூலைச் சேர்த்தால் எத்தனை வரி தாண்டிக் குதிக்க வேண்டும் என்பதை அதுவே கணக்கிட்டு எழுதிக்கொள்ளும். ரெட் ஹேட் வகை லினக்ஸில் இதே வேலையை ஆத்செலக்ட் செய்கிறது. இப்படிக் கருவி எழுதும் கோப்புகளில் கையால் எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

கையால் எழுதியே ஆக வேண்டும் என்றால், நேரடிக் கோப்பில் எழுதுவதில்லை. பேம்.டி அடைவில் ஒரு கோப்பின் பெயர் என்னவோ அதுதான் அந்தச் சேவையின் பெயர். அதனால் வேறு எந்த நிரலும் பயன்படுத்தாத ஒரு பெயரில் புதுக் கோப்பு போட்டு, மாற்றத்தை அதில் எழுதி, பேம்டெஸ்டர் என்ற சிறு கருவியால் அந்தப் பெயரைக் கொடுத்துச் சோதிக்கலாம். உண்மையான கதவுகளில் எதுவும் மாறியிருக்காது. வரிசையை எத்தனை முறை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம். பேம் எப்படி ஓடுகிறது என்று எனக்கு உண்மையில் புரிந்ததே இப்படி உடைத்துப் பார்த்தபோதுதான்.

சோதிக்கும்போது முதலில் தவறான கடவுச்சொல்லைக் கொடுக்கிறேன். பிறகு வெறும் என்டர். பிறகு இல்லாத ஒரு பயனர் பெயர். இந்த மூன்றும் மறுக்கப்பட்ட பிறகுதான் சரியானதைக் கொடுக்கிறேன். சூடோவைச் சோதிக்கும் முன், சிறிய கே விருப்பத்துடன் அதை ஒருமுறை ஓட்டி அதன் நினைவை அழிக்கிறேன். எஸ்எஸ்ஹெச்சைச் சோதிக்கும்போது பப்கீஆதென்டிகேஷன்=நோ என்று கொடுத்து, விசையை ஒதுக்கிவிட்டுக் கடவுச்சொல்லோடு மட்டும் போகிறேன். மாணவர்கள் வருகிற அதே வழியில், லேப் கணினி ஒன்றில் உட்கார்ந்து.

இதெல்லாம் நடக்கும் நேரம் முழுவதும் இன்னொரு டெர்மினலில் ரூட்டாக நின்றுகொண்டிருக்கிறேன். பேம் மாற்றமோ எஸ்எஸ்ஹெச் மறுதொடக்கமோ ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வைத் துண்டிக்காது. ஆனால் கரண்ட் போனால், நெட்வொர்க் போனால் அந்த அமர்வும் போய்விடும். அதனால் ஒரு டைமரும் வைக்கிறேன். மாற்றுவதற்கு முன், பழைய கோப்பை 10 நிமிடத்தில் திரும்ப வைத்துவிடு என்று, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் அட் கட்டளையில் சொல்லிவிடுவேன். எல்லாம் சரியாக இருந்தால் அந்த வேலையை ரத்து செய்வேன். நான் வெளியே மாட்டிக்கொண்டால் ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் போதும், கதவு பழையபடி இருக்கும். நெட்வொர்க் ஆட்களுக்கு இது பழைய பழக்கம். ஜூனிபர் ரவுட்டர்களில் கமிட் கன்ஃபர்ம்ட் என்று ஒன்று உண்டு. 10 நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் மாற்றம் தானாகவே பின்வாங்கிவிடும்.

எஸ்எஸ்ஹெச்சிலும் 'பூட்டிவிட்டேன் என்று நினைத்த கதவு' ஒன்று எனக்கு வாய்த்தது. அட்மின் சர்வர் ஒன்றில் விசை மட்டும் போதும் என்று, எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் வரியை நோ என்று மாற்றினேன். பழைய நானாக இருந்தால் விசையால் நுழைந்து பார்த்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது பழக்கமாக, கடவுச்சொல்லால் நுழைய முயன்றேன். நுழைந்துவிட்டது! உபுண்டு 22.04-இல் அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே வேறொரு அடைவில் உள்ள துணைக் கோப்புகளைச் சேர்க்கும் வரி இருக்கிறது. சர்வரை நிறுவும்போது உருவான துணைக் கோப்பு ஒன்றில் யெஸ் என்று இருந்தது. ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் வந்தால் எஸ்எஸ்ஹெச் முதலில் படித்ததைத்தான் எடுத்துக்கொள்ளும், நான் கீழே எழுதியது செல்லாது. எஸ்எஸ்ஹெச்டி கட்டளையைச் சிறிய டி விருப்பத்துடன் ஓட்டினால் எழுத்துப் பிழை உண்டா என்று மட்டும் சொல்லும். பெரிய டி விருப்பத்துடன் ஓட்டினால் கடைசியில் எந்த அமைப்பு நடைமுறையில் இருக்கிறது என்று முழுவதும் அச்சிடும். நான் கோப்பில் எழுதியதைவிட அந்தப் பட்டியலைத்தான் நம்புகிறேன். யார் யார் நுழையலாம் என்று பட்டியலிடும் அல்லோயூசர்ஸ் வரி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஒரு பெயரை எழுதிய கணமே, எழுதாத எல்லோரும் வெளியே.

யார் சூடோ பயன்படுத்தலாம் என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பை, அதற்கென்றே உள்ள விசூடோ கட்டளை மூலமாகத்தான் திருத்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது பிழை பார்க்கும் என்பதும் தெரியும். ஒருவர் திருத்தும்போது இன்னொருவர் திறக்க முடியாமல் அது பூட்டு போடுகிறது, எனக்கு அதுவும் சமமாக முக்கியம். 1960-களில் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பு இருந்தது, கடவுச்சொல்லைப் பயன்படுத்திய முதல் கணினி அமைப்புகளில் ஒன்று. அங்கே இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் எடிட்டரைத் திறந்தார்கள். ஒருவர் கடவுச்சொல் கோப்பில், இன்னொருவர் பயனர்களுக்கான அன்றைய அறிவிப்பில். எடிட்டர் இருவருக்கும் ஒரே தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்த, இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன் பிறகு லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொல்லும் திரையில் வந்தன. அந்த அமைப்பை உருவாக்கிய பெர்னாண்டோ கொர்பாட்டோவே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். இப்போது எங்கள் துறையில் நானும் என் ஜூனியரும் இருக்கிறோம். லாகின் அமைப்பைத் தொடும் நாளில் ஒருவர் மட்டுமே தொடுவோம், மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். இன்னொன்று: சூடோயர்ஸ்.டி அடைவில் வைக்கும் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். ஒரு மணி நேரம் தேடி இதைக் கண்டுபிடித்தோம்.

தவறான முயற்சிகளுக்குக் கணக்கைப் பூட்டும் ஃபெயில்லாக் மாட்யூலையும் பிறகு சேர்த்தேன், இந்த முறை முறையாக. அதன் இயல்பான அமைப்பு 3 தவறுக்கு 10 நிமிடப் பூட்டு. இரண்டே வாரத்தில் ஒரு மாணவன் வந்து நின்றான். பக்கத்து இருக்கைக்காரன் வேண்டுமென்றே இவன் பெயரில் மூன்று முறை தப்பாக அடித்துப் பூட்டிவிட்டான். மாதத் தேர்வு தொடங்க 5 நிமிடம் இருந்தது. அந்தப் பையன் அழும் நிலையில் இருந்தான். நான் ரீசெட் செய்து அனுப்பினேன். பூட்டு என்பது எதிரி கையிலும் ஒரு ஆயுதம் என்று புத்தகத்தில் படிப்பது வேறு, அந்தப் பையனின் முகத்தைப் பார்ப்பது வேறு. இப்போது 10 முயற்சி, 2 நிமிடப் பூட்டு. லேபுக்குள் இது போதும். இணையத்தைப் பார்த்திருக்கும் சர்வருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், அங்கே கடவுச்சொல்லையே எடுத்துவிட்டு விசைக்கு மாறுவதுதான் சரி.

மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று எங்களிடம் இருந்த விதியையும் எடுக்கச் சொல்லி மேடத்திடம் கேட்டேன். மாணவர்கள் தங்கள் பெயரோடு மாதத்தின் பெயரை ஒட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்டே 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியில், காரணமில்லாமல் காலம் வைத்து மாற்றச் சொல்லாதீர்கள் என்று சொல்லிவிட்டது என்று அச்செடுத்துக் காட்டினேன். ஒப்புக்கொண்டார்.

ரெக்கவரி மோடு கடவுச்சொல் கேட்காமல் திறந்ததைச் சொன்னேன் அல்லவா? சர்வர் அறைச் சாவி இப்போது மேடத்தின் பீரோவில் இருக்கிறது. அதோடு ஒட்டிய உறை ஒன்று, அதற்குள் அவசரத்துக்கு மட்டும் என்று வைத்திருக்கும் ஒரு கணக்கின் கடவுச்சொல். உறை மேல் நானும் மேடமும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் உட்கார்ந்து அதைப் பிரித்து, அந்தக் கணக்கால் உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டு, புதுக் கடவுச்சொல் எழுதி ஒட்டுவோம். போன தடவை பிரித்தபோது மேடமே கீபோர்டை வாங்கிக்கொண்டு, "முதல்ல தப்பா அடிக்கணும், இல்லையா?" என்று கேட்டுவிட்டு எதையோ தட்டினார். சர்வர் மறுத்தது.